கோளும் முறையீடும்

'கோள் சொல்லாதே' என்பது நாம் இளமையில் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று. வீட்டில் பாட்டி சொன்னார். பள்ளியில் ஆசிரியர் சொன்னார். பக்கத்தில் இருந்தவன் பென்சிலை எடுத்துக்கொண்டான் என்று மேசையை நோக்கி ஓடிய சிறுவனை ஆசிரியரே கடிந்து திருப்பியனுப்பினார்; உடன் பயின்றோர் 'கோள்மூட்டி' என்று எள்ளினர். பாடம் நல்ல பாடமே. பிறர் குறையைச் சுமந்து திரிந்து விற்பவன் நல்ல மனிதனாக வளர்வதில்லை. ஆயினும் அந்த நல்ல பாடத்தின் நிழலில் ஒரு தீய பாடமும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்வதும் கோள், தன் கண்முன்னே மற்றொருவனுக்கு நேரும் கொடுமையைச் சொல்வதும் கோள் என்று குழந்தைகள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

கோள் வேறு; முறையீடு வேறு. கோள் சொல்பவன் பிறன் தாழவேண்டும் என்று சொல்கிறான். முறையிடுபவன் தான் வாழவேண்டும் என்று சொல்கிறான். இவ்வேறுபாட்டைக் குழந்தைக்குக் கற்பிப்பதும், முறையிட்ட குழந்தையை முறையிட்ட பிறகு காப்பதுமே பள்ளிப் பாதுகாப்பின் உயிர்நிலை என்பது என் துணிபு. சட்டம் வேண்டும், காவல் வேண்டும், வாயிலில் கண்காணிப்புக் கருவி வேண்டும் என்று பலரும் பேசுகின்றனர். அவையெல்லாம் வேண்டுவனவே. ஆனால், சொல்ல அஞ்சும் குழந்தைக்கு அவற்றுள் ஒன்றும் பயன்படாது.

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கிய கதையை அறியாத தமிழர் இலர். தன் மகனையே தேர்க்காலில் இட்ட அரசனின் நீதியைக் கண்டு நாம் வியக்கிறோம். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. மணியின் கயிறு ஒரு பசுவுக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது. பசு அதை இழுத்தபோது வாயிற்காவலர் கோல் எடுத்து விரட்டவில்லை. 'உன் கன்று ஏன் தெருவுக்கு வந்தது?' என்று எவரும் கேட்கவில்லை. இன்று நம் பள்ளிகளில் மணிகள் பல உண்டு. கயிறு குழந்தையின் கைக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி.

மணிகள் பல என்று சொன்னேன். எண்ணிப் பாருங்கள். 1996 ஆம் ஆண்டு நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டபின், 1997 இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே, 1998 இல், கேரளமும் இயற்றியது. ஆசிரியர் மாணவரை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விலக்கிற்று. பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்க 2012 இல் போக்சோ சட்டம் வந்தது. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதையே அது குற்றமாக்கியது. 1098 என்ற எண்ணை எந்தக் குழந்தையும் காசின்றி அழைக்கலாம். கேரளக் காவல்துறை 2010 இல் மாணவர் காவற்படையைத் தொடங்கியது. 2020 இல் 'சிரி' என்ற பெயரில் குழந்தைகள் பேசுவதற்கெனத் தொலைபேசி வழியொன்றும் திறந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி உண்டு. கேரளப் பள்ளிகளிலும் உதவிப் பெட்டி வைக்க 2025 இல் அரசு முடிவு செய்தது. ஆகவே, நம்மிடம் இல்லாதது மணியன்று.

இனி, காலம் மாறிய விதத்தையும் பார்ப்போம். நம் பெற்றோர் காலத்தில் பள்ளியில் எள்ளப்பட்ட சிறுவனுக்கு நான்கு மணிக்கு விடுதலை கிடைத்தது. வீட்டுப் படியேறியதும் அவன் வேறு மனிதன். அங்கே அவன் அம்மாவின் பிள்ளை, தங்கையின் அண்ணன். இன்று அந்த விடுதலை இல்லை. 2020 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில், கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த வேளையில், இந்தத் திருவனந்தபுரத்திலிருந்துதான் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே 'பர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. ஐயங்களும் வீட்டுப்பாடங்களும் வாட்ஸாப் குழுக்களில் ஓடின. கைபேசி இல்லாத பிள்ளைகளுக்குக் கைபேசி தேடித் தருவதை நாடே அறமாகக் கொண்டது. அது செய்யத்தக்க அறம். அதனால் பல்லாயிரம் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் காக்கப்பட்டது. ஆனால் பள்ளி திறந்த பின்னும் கைபேசி கையிலேயே தங்கிவிட்டது. வகுப்பறையின் கடைசி வரிசையும் அதனோடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

மாலை வேளைகளில் சாலைக் கடைத்தெருவை அடுத்த பகுதியில் சில பிள்ளைகளுக்கு நான் கணக்கும் தமிழும் சொல்லித் தருகிறேன். அவர்களுள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். தந்தை கடையொன்றில் வேலை பார்க்கிறார். குடும்பம் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. பையனுடைய மலையாளத்தில் தமிழ் ஒலி இருக்கும். அது குற்றமா? வகுப்பில் அவனுக்குப் 'பாண்டி' என்று பெயர். அந்தப் பெயரை இந்நகரத்துத் தமிழர் பலரும் கேட்டிருப்பர், சிரித்துக்கொண்டே கடந்திருப்பர். ஆனால் அவன் வகுப்பினர் வாட்ஸாப்பில் ஒரு குழு அமைத்து, அவன் படிக்கும்போது பதிவு செய்த குரலை அதில் இட்டு, அவன் முகத்தையும் ஒட்டுப்படமாக்கிப் பரப்பினர். இரவு பதினொரு மணிக்கும் அது அவன் தலைமாட்டில் ஒலித்தது.

'யாரிடமாவது சொன்னாயா?' என்று கேட்டேன். அவன் சொன்ன விடையை அப்படியே எழுதுகிறேன்.

'அம்மாகிட்ட சொன்னா போனை வாங்கி வச்சிருவாங்கண்ணா. சார்கிட்ட சொன்னா அவங்களக் கூப்பிட்டு என் முன்னாடியே கேப்பாரு. அப்புறம் சாயங்காலம் நான் ஒருத்தன்தானே நடந்து வீட்டுக்குப் போகணும்?'

நண்பர்களே, குழந்தைப் பாதுகாப்பைப் பற்றி நான் படித்த அறிக்கை எதுவும் இத்துணைத் தெளிவாகச் சொல்லவில்லை. சொன்னால் தண்டனை தனக்கே என்று அவன் கணக்கிட்டிருந்தான். வீட்டில் கைபேசி போகும். பள்ளியில் பெயர் வெளிப்படும். வழியில் துணை இராது. பன்னிரண்டு வயதுப் பையனின் அந்தக் கணக்கில் பிழை இல்லை.

பிழை இல்லை என்பதற்குச் சான்று நெடுந்தொலைவில் இல்லை. நம்மில் பலர் விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியிலேயே இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் இருப்புப்பாதையில் வள்ளியூரைக் கடந்தால் நாங்குநேரி. அவ்வூரைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்ற காரணத்தால், உடன் பயின்ற சிலர் தொடர்ந்து துன்புறுத்தினர், ஏவல் செய்வித்தனர். அவர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பள்ளியிலிருந்து விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. முறையீடு எழுத்து வடிவில் தரப்பட்டது. அன்றிரவே, 2023 ஆகஸ்டு 9 அன்று, அரிவாள்களுடன் வந்தவர்கள் அவரை வீடு புகுந்து வெட்டினர். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுண்டாள். வந்தவர்களும் பள்ளி மாணவர்களே.

அந்த மாணவர் பிழைத்தார். மருத்துவமனையில் கிடந்தபின் எழுந்து, 2024 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவருடைய உறுதியைத் தமிழகம் போற்றியது. போற்றியது முறையே. ஆனால் அந்த ஒரு நாளை நாம் மீண்டும் நினைக்கவேண்டும். அவர் செய்யவேண்டியதைச் செய்தார். பள்ளியும் கேட்கவேண்டியதைக் கேட்டது. காகிதத்தில் எழுதியும் ஆயிற்று. முறையீட்டுக்கும் இரவுக்கும் இடையே இருந்த சில மணி நேரத்தில் அந்தக் குழந்தைகளைச் சுற்றி யார் நின்றார்கள்? நம் ஏற்பாடுகளில் விடுபட்டுள்ள பக்கம் அதுவே.

கேரளத்தின் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். எழுத்து மூலம் முறையீடு வந்தால் நிறுவனத் தலைவர் ஏழு நாட்களுக்குள் விசாரிக்கவேண்டும். முதல் நோக்கில் உண்மை எனத் தெரிந்தால் குற்றஞ்சாட்டப்பட்ட மாணவரை இடைநீக்கம் செய்து, காவல் நிலையத்துக்கும் உடனே அனுப்பவேண்டும். விசாரணைக்கு ஏழு நாள் தரும் சட்டம் நல்ல சட்டமே. ஆனால் நாங்குநேரியில் பகை ஏழு நாள் காத்திருக்கவில்லை. விசாரணை பிறகு நடக்கலாம். காவல் அன்றே தொடங்கவேண்டும். நாங்குநேரிக் கொடுமையின் பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பதோடு, மாணவர் மிகுந்த பள்ளிகளில் முறையீடுகளைக் கவனிக்கவெனவே நலன் அலுவலரை அமர்த்தவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. கயிற்றைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அலுவலரைப் பற்றிப் பேசியவர் சிலரே.

நாங்குநேரி, சொன்னவர் காக்கப்படாத கதை. இனி, அறிந்தவர் சொல்லாத கதை ஒன்று கேரளத்தில் நிகழ்ந்தது. 2025 பிப்ரவரி இறுதியில், கோழிக்கோடு மாவட்டத்துத் தாமரச்சேரியில் டியூஷன் நிலையமொன்றில் பிரிவுபசார விழா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தபோது பாட்டு இடையில் நின்றுவிட்டது. வேறொரு பள்ளியின் மாணவர்கள் கூவி எள்ளினர். அவ்வளவுதான் தொடக்கம். அந்த எள்ளல் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாட்ஸாப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் அது நாள்தோறும் வளர்ந்தது. எங்கே கூடுவது, எப்படித் தாக்குவது என்ற பேச்சு குழுக்களில் ஓடியது. சில நாட்களுக்குள் தெருவில் மோதினர். தலையில் அடிபட்ட பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மார்ச் முதல் நாளில் இறந்தான். கூட்டமாகத் தாக்கினால் வழக்கு நில்லாது என்ற பொருள்படும் பேச்சுகளும் பின்னர் வெளிவந்து கேரளத்தையே திகைக்கச் செய்தன.

அந்தக் குழுக்களில் அடிக்க எண்ணியவர் மட்டுமா இருந்திருப்பர்? படித்தவர், கேட்டவர், சிரிப்புக் குறியிட்டவர், அஞ்சியவர் எனப் பலர் இருந்திருப்பர். அவர்களுள் ஒருவன் தன் அண்ணனிடமோ அம்மாவிடமோ ஒரு சொல் சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. 'கோள்மூட்டி' என்ற பெயருக்கு அஞ்சினார்கள் என்றே கருதுகிறேன். அந்தப் பழைய வசை ஓர் உயிரை விடக் கனமாக இருந்துவிட்டது.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். அவற்றுக்கும் விடை காண்போம்.

'எங்களையும் கேலி செய்தார்கள், நாங்கள் வளரவில்லையா? அடியாத மாடு படியாது' என்பர் சிலர். வளர்ந்தவர் வந்து பேசுகிறார். வளராமற் போனவர் வந்து பேசுவதில்லை. கேலி வேறு, கொடுமை வேறு என்பதும் உண்மை. இருவர் மாறி மாறிக் கேலி செய்தால் அது விளையாட்டு. ஒருவனையே பலர், நாள்தோறும், அவன் திருப்பித் தாக்க இயலாத நிலையில் வைத்து நோகச் செய்தால் அது கொடுமை. நார்வே நாட்டில் வாழ்ந்த உளவியலறிஞர் டான் ஆல்வீயஸ் வகுத்த இலக்கணமும் ஏறத்தாழ இதுவே.

'கடுஞ்சட்டம் வேண்டும்' என்பர் வேறு சிலர். கேரளம் அதையும் செய்து பார்த்தது. இணைய வசைகளைத் தடுக்க என்று 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டத்தால் சேர்த்தார்கள்; மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம். அப்பிரிவு எவருடைய கருத்தையும் அடக்கப் பயன்படலாம் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு ஐந்தாண்டு முன், 2015 மார்ச்சில், இதே போன்று வரம்பற்றுக் கிடந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று தீர்த்திருந்தது. அளவிறந்த சட்டம் இரண்டு தீமை செய்கிறது. பெரியவர்களின் வாயை அடைக்கிறது. சிறுவனின் வாயைத் திறப்பதுமில்லை.

'கைபேசியைப் பறித்துவிடு' என்பது மூன்றாவது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுத்துள்ளது. அதன் பயனைக் காலம் காட்டும். வயது வரம்பு வைப்பது ஒரு நாட்டின் முடிவு. ஆனால் முறையிட்ட குழந்தையின் கையிலிருந்து கைபேசியைப் பறிப்பது வேறு. அது திருட்டுக் கொடுத்தவனையே சிறையில் இடுவது போன்றது. அப்படி ஒருமுறை பறித்த வீட்டில் அடுத்த முறையீடு பிறவாது.

அப்படியானால் பயன்பட்ட வழி எது? நார்வேயில் 1982 இல் மூன்று சிறுவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். பள்ளித் தோழர்களின் கொடுமையே காரணம் என்று நாடு கலங்கியது. அடுத்த ஆண்டு நாடு தழுவிய இயக்கம் தொடங்கிற்று. பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் ஆல்வீயஸ் நடத்திய ஆய்வில் இரண்டாண்டில் கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகக் கண்டார்கள். அவர்கள் செய்தது மாயம் அன்று. இடைவேளையில் ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள். வகுப்பே கூடி விதி வகுத்தது. பெற்றோரிடம் உடனே பேசினார்கள். பின்னர் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற திட்டம் 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளெங்கும் பரவியது. கொடுமை செய்பவனுக்கு வலிமை தருவது சுற்றி நின்று பார்ப்பவர்களின் சிரிப்பு. ஆகவே பார்ப்பவர்களை மாற்று என்பது அதன் அடிப்படை.

இதற்கு நாம் பின்லாந்துக்குப் போகவேண்டுவதில்லை. நான் மேலே சொன்ன பையனின் தாயார் இசைவுடன் அவனுடைய வகுப்பாசிரியையிடம் பேசினேன். அவர் எவரையும் எழுப்பி நிறுத்தவில்லை. பையனின் பெயரையும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பு முழுமைக்கும் மொழியைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். பிறகு குழுவை அமைத்தவனின் பெற்றோரைத் தனியே அழைத்தார். வீடு அடுத்தடுத்துள்ள இரண்டு பெரிய மாணவர்களிடம் மாலையில் அவனோடு சேர்ந்து நடக்கச் சொன்னார். ஒரு மாதம் நடந்தார்கள். குழு கலைந்தது. சட்டப் பிரிவு எதுவும் தேவைப்படவில்லை. ஆசிரியைக்கு அந்தச் சிறுவனின் மாலை நேரம் நினைவிருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

ஆகவே, முறையிட்ட குழந்தையைக் காக்க நான் வேண்டுவன சில. முறையிட்டவனையும் குற்றஞ்சாட்டப்பட்டவனையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்கலாகாது. முறையீடு வந்த அன்றே வீட்டுக்குச் செல்லும் வழிக்கும் இரவுக்கும் துணை யார் என்று பள்ளி முடிவு செய்யவேண்டும். அச்சம் பெரிதாயின் காவல் நிலையத்துக்கும் அன்றே சொல்லவேண்டும். பெட்டி மட்டும் போதாது; அதைத் திறக்கும் முகம் யாருடையது என்று குழந்தைக்குத் தெரியவேண்டும். இணையத்தில் வந்த வசையை அழிக்குமுன் நாளும் நேரமும் தெரியப் படமெடுத்து வைக்கவேண்டும். 1930 என்ற எண்ணிலோ அரசின் இணையக்குற்ற முறையீட்டுத் தளத்திலோ தெரிவிக்கலாம். ஒன்றை மட்டும் மறவற்க. குழந்தையின் ஆபாசப் படமாக இருந்தால், சான்றுக்காகக்கூட அதைப் படியெடுப்பதும் பிறர்க்கு அனுப்புவதும் குற்றம். கண்ட இடத்தைச் சொல்லிக் காவலரிடம் விட்டுவிடவேண்டும். கொடுமை செய்த சிறுவனும் குழந்தையே என்பதும் நினைவில் இருக்கட்டும். அவனைப் பள்ளியிலிருந்து துரத்தித் தெருவில் விட்டால், அவன் பகையோடு அடுத்த வாயிலில் நிற்பான். அவனைத் திருத்துவதும், மற்றவனைக் காப்பதைப் போலவே, பள்ளியின் கடமை.

இனி, நமக்கு வருவோம். நாம் பள்ளிப் பிள்ளைகள் அல்லோம்; ஆனால் நம் தம்பி தங்கையர் இன்னும் பள்ளியில் இருக்கிறார்கள். 'பாண்டி' என்று பிறர் அழைத்தால் நமக்குச் சினம் எழுகிறது. நம் விடுதி அறையில் ஒருவனுடைய ஊர்ப் பேச்சையோ சாதியையோ நிறத்தையோ வைத்து ஒட்டுப்படம் வரும்போது அதே சினம் எழுகிறதா? தாய்மொழியின் பெயரால் கூடும் சங்கத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கவேண்டும். வரும் ஒட்டுப்படத்தை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்தும் கை ஒன்று இருந்தால் அந்த வரிசை அங்கே அறுந்துவிடும்.

இந்நகரில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் சாலையிலும் கிள்ளிப்பாலத்திலும் பிற பகுதிகளிலும் படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் பலருக்கு மலையாளத்தில் முறையீடு எழுதத் தெரியாது; பள்ளி அலுவலகத்தில் நின்று பேசத் தயக்கம். நமக்கு இரு மொழியும் தெரியும். திங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் நம் சங்கத்திலிருந்து நால்வர் சென்றால் போதும். பாடமும் சொல்லித் தரலாம்; முறையீடு எழுதவும் துணை நிற்கலாம்; பள்ளி இசைந்தால் பெற்றோரோடு உடன் செல்லலாம். பெரிய நிதி வேண்டா, மேடை வேண்டா. 'அந்த அண்ணாவிடம் சொல்லலாம், அந்த அக்காவிடம் சொல்லலாம். சொன்னால் கெடுதல் வாராது' என்று பத்துப் பிள்ளைகள் நம்பினால், அதுவே இவ்வாண்டு நம் சங்கம் செய்த நற்பணியாக அமையும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியுள்ளேன். வழிமொழியவும், முதற் சனிக்கிழமையே உடன் வரவும் தோழர்கள் முன்வருவார்களாக!